காட்டாற்றைக் கடப்பது எப்படி? மலையேறுபவர்களுக்கு

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். குளத்துக்கும் கிணற்றுக்கும் அது போதும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கு அது பாதிதான் பொருந்தும். அங்கே ஆழத்துக்கு முன்பே பார்க்க வேண்டியது வேகம். முழங்காலுக்குச் சற்று மேலே ஓடும் தண்ணீர்கூட, நன்றாக நீச்சல் தெரிந்தவரைப் புரட்டிப் போட்டுவிடும். பாறைகளுக்கு நடுவே உருண்டு போகும்போது நீச்சல் கைகொடுக்காது.

கணக்கு எளிது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தொடையளவு நீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால், இரண்டு கால்களிலும் சேர்த்து ஏறக்குறைய 10 கிலோ கனத்துக்குத் தள்ளும். அதே நீர் 2 மீட்டர் வேகத்தில் வந்தால் தள்ளுவது 40 கிலோ. இன்னொரு பக்கம், ஆழம் கூடக்கூடத் தண்ணீர் நம்மைத் தூக்குகிறது. இடுப்பளவு நீரில் உடல் எடையில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். தள்ளும் விசை ஏறுகிறது, தரையைப் பிடிக்கும் கனம் குறைகிறது. நீர் இடுப்பைத் தொட்டால் அந்த இடத்தில் கடக்கும் பேச்சே வேண்டாம்.

மழை எங்கே பெய்கிறது என்று பாருங்கள்

இந்த மலை ஓடைகள் குட்டையானவை, சரிவு அதிகம், நீர் சேரும் பரப்பு சிறியது. அதனால் உச்சியில் பெய்யும் ஒரு மணி நேர மழை, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் வெள்ளமாக வந்து நிற்கும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் வந்த திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. இரண்டுமே மே மாதம் என்பதைக் கவனியுங்கள். பருவமழைக் காலத்தில் எல்லோரும் விழிப்பாக இருக்கிறார்கள், வனத்துறையும் பாதையை மூடிவிடுகிறது. கோடை மழைதான் ஆளை ஏமாற்றும். காலையில் ஓடை வறண்டு கிடக்கும், மதியம் 2 மணிக்கு மேல் முகில் திரண்டு இடியோடு கொட்டும்.

ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் ஓடைகளைக் கடக்கும் வேலையை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது மேற்குச் சரிவும், குற்றாலம் போலக் கணவாய் வழியே சாரல் விழும் இடங்களும் நீரோடு இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குச் சரிவுதான் ஆபத்து. சதுரகிரி, வத்திராயிருப்பு, மாஞ்சோலை, மணிமுத்தாறு பக்கமெல்லாம் இந்தக் காலத்தில்தான் பொங்கும்.

பாதையில் எத்தனை ஓடைகள் குறுக்கிடுகின்றன என்பதை ஏறும்போதே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறுபவர்களுக்கு மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏறும்போது கணுக்கால் நனையாமல் தாண்டிய இடமெல்லாம் இறங்கும்போது பூட்டிய கதவாக நிற்கலாம். இரண்டு ஓடைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்வதுதான் மிக மோசமான நிலை. மேலே இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் மேலேயே இருங்கள். ‘இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம்’ என்று கிளம்பும் கூட்டம்தான் ஓடையின் நடுவில் மாட்டுகிறது.

அணைக்குக் கீழே நடப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பாபநாசம், கோதையாறு, பைக்காரா போன்ற நீர்மின் திட்டங்கள் உள்ள ஆறுகளில் மழையே இல்லாமல் நீர்மட்டம் ஏறும். சங்கொலி கேட்டால் ஏன், எதற்கு என்று யோசிக்காமல் கரையேறுங்கள்.

வெள்ளம் வருவதற்கு முன் ஓடை சொல்லும் சேதி

தெளிந்த நீர் கலங்கத் தொடங்கும். முதலில் சருகும் சுள்ளியும் மிதந்து வரும், பிறகு நுரை. சலசலப்பாக இருந்த ஓசை கனத்து, இரைச்சலாகும். சற்று முன்வரை காய்ந்திருந்த பாறை விளிம்பு நனைந்திருக்கும். இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டாலும் ஓடையை விட்டு விலகி மேட்டில் ஏறுங்கள். சாமான்களை எடுக்கத் திரும்பாதீர்கள். மழை பெய்யும்போது தண்ணீர் திடீரென்று குறைந்தாலும் அது நல்ல சகுனமல்ல. மேலே மரமோ மண்சரிவோ அடைத்துக்கொண்டு நீர் தேங்கியிருக்கலாம். அது உடைந்தால் மொத்தமும் ஒரே மூச்சில் வரும்.

தண்ணீருக்கு அடியில் ‘தொம், தொம்’ என்று மந்தமான ஓசை கேட்கிறதா? பெரிய கற்கள் உருளுகின்றன என்று பொருள். கல்லையே உருட்டும் நீரில் கால் வைக்கக் கூடாது.

சந்தேகமாக இருந்தால் நீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்து அடையாளம் செய்து 15 நிமிடம் காத்திருங்கள். கல் மூழ்கினால் நீர் ஏறுகிறது. விலகி நின்றால் வடிகிறது. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம்.

வேகத்தை அளக்கும் முறை

கரையோரமாக 10 மீட்டர் நீளத்தை அடியெடுத்து அளந்துகொள்ளுங்கள். சாதாரண நடையில் சுமார் 13 அடிவைப்புகள் வரும். ஒரு காய்ந்த குச்சியை நடு நீரோட்டத்தில் எறிந்து, அது அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 10 விநாடி என்றால் விநாடிக்கு 1 மீட்டர். 5 விநாடி என்றால் 2 மீட்டர். மூன்று முறை எறிந்து, அதில் வேகமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆழத்தை மீட்டரில் எடுத்து வேகத்தோடு பெருக்குங்கள். ஆஸ்திரேலிய வெள்ளப் பொறியியல் வழிகாட்டிகளில் பெரியவர்களுக்கு 0.6 வரையும் குழந்தைகளுக்கு 0.4 வரையும் ஆபத்து குறைவு என்று வைத்திருக்கிறார்கள். அது ஓரளவு சமமான தரையில் நிற்பவர்களுக்கான கணக்கு. உருளைக்கல் நிறைந்த ஓடையில், முதுகில் மூட்டையோடு நடக்கும் பெரியவருக்கும் 0.4-ஐயே எல்லையாகக் கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் முழங்கால் ஆழத்தில், அதாவது அரை மீட்டரில், குச்சி 10 மீட்டரைக் கடக்க 12.5 விநாடிக்கு மேல் எடுக்க வேண்டும். தொடையளவு என்றால் 17 விநாடிக்கு மேல். கணக்குப் போட மனமில்லாதவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு: குச்சியோடு கரையில் கூடவே நடந்து பாருங்கள். நீங்கள் மெதுவாக நடக்கும்போதே அது முந்திப் போனால், முழங்காலுக்கு மேல் நனையும் எந்த இடமும் வேண்டாம்.

ஆழம் யாருடைய முழங்கால், யாருடைய தொடை? கூட்டத்தில் இருப்பவர்களில் உயரம் குறைந்தவருடையது. உயரமானவர் கடந்து காட்டுவதால் மற்றவர்களுக்கு எதுவும் உறுதியாகிவிடாது.

எந்த இடத்தில் கடப்பது

பாதை ஓடையைத் தொடும் இடம்தான் கடக்கும் இடம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அது நீர் குறைவான நாளில் வசதியான இடம், அவ்வளவுதான். மேலும் கீழும் 200, 300 மீட்டராவது நடந்து பாருங்கள். தேடுவது அகலமான இடத்தை. குறுகிய இடத்தில் கண் மயங்கும், ‘நாலே எட்டு’ என்று தோன்றும். ஆனால் அத்தனை நீரும் அந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஆழமும் அதிகம், வேகமும் அதிகம். ஓடை அகன்று, இரண்டு மூன்று கிளைகளாகப் பிரிந்து, சிறு சிறு அலையோடு சலசலக்கும் இடம் நல்லது. அந்தச் சிற்றலைக்கு அடியில் கூழாங்கல் தரை இருக்கும். வழவழவென்று கறுத்து அமைதியாக இருக்கும் நீர்ப்பரப்பு பெரும்பாலும் கசம், அதாவது ஆழமான மடு.

நீரின் மேற்பரப்பில் தெரியும் கோடுகளும் பேசும். தண்ணீர் போகும் திசையில் கூர்மை காட்டும் முக்கோண வடிவம் என்றால், அது இரண்டு பாறைகளுக்கு நடுவே நீர் பாயும் வழி. எதிர்த்திசையில், அதாவது தண்ணீர் வரும் பக்கமாகக் கூர்மை காட்டினால், அதன் நுனியில் முழுகிய பாறை இருக்கிறது. வளைவில் வெளிக்கரை ஆழம், உள்கரை மேடு. ஆகவே வளைவைத் தவிர்த்து நேராக ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு ஓடைகள் கூடும் இடம் என்றால் கூடலுக்கு மேலே போய் இரண்டையும் தனித்தனியாகக் கடங்கள். இரண்டு முறை நனைவது அலுப்பாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் நீர் குறைவு.

இடத்தை முடிவு செய்யும் முன் கட்டாயமாகப் பார்க்க வேண்டியது கீழ்ப்புறம். விழுந்தால் எங்கே போய்ச் சேருவோம்? 50 மீட்டருக்குள் அருவியோ பாறை இடுக்கோ இருந்தால் அந்த இடம் கழிந்தது. அருவியின் தலைப்பில் உள்ள வழுக்குப் பாறையில் நீர் கணுக்காலளவு ஓடினாலும் கடக்க வேண்டாம், படம் எடுக்கவும் போக வேண்டாம். அருவியைப் போலவே கொடியது ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கும் மரமும் மூங்கில் புதரும். சல்லடை மாதிரி தண்ணீரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். பின்னாலிருந்து நீர் அழுத்த, கிளைகளுக்கு அடியில் தலை மூழ்கிவிடும். நம் மலைகளில் சரிந்த மூங்கில் இல்லாத ஓடை குறைவு.

எதிர்க்கரையையும் பாருங்கள். அங்கே ஏற வழியில்லாமல் செங்குத்தாக இருந்தால் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு வேர் தேட வேண்டியிருக்கும். மாலையும் விடியற்காலையும் யானை நீருக்கு இறங்கும் நேரம். புதிய யானைச் சாணம், கலங்கிய சேறு, ஒடிந்த மூங்கில் தெரிந்தால் ஓடையை விட்டுச் சற்று ஒதுங்கி, ஓசை கேட்டுவிட்டுப் போங்கள். ஓடையின் இரைச்சலில் யானைக்கு உங்கள் சத்தமும் கேட்காது, உங்களுக்கு யானையின் சத்தமும் கேட்காது.

இறங்குவதற்கு முன்

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் இறங்குவது நம் பழக்கம். காட்டாற்றில் அது தவறு. காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாத நீரில் ஒரு கூர்க்கல் குத்தினால் அனிச்சையாகக் காலைத் தூக்குவோம், அந்த நொடியில் சாய்ந்துவிடுவோம். ஷூவோடு இறங்குங்கள். காலுறையை மட்டும் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டால் அக்கரையில் காய்ந்த காலுறை இருக்கும். ஹவாய் செருப்பு உதவாது, நீர் உருவிக்கொண்டு போய்விடும்.

வேட்டி, சேலை, தொளதொளப்பான பேன்ட் எல்லாம் நீரைப் பிடித்து இழுக்கும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொள்ளுங்கள், சேலையை முழங்காலுக்கு மேல் இறுக்கிச் செருகுங்கள். அரைக்கால் சட்டை இருந்தால் இன்னும் நல்லது.

முதுகுப்பையின் மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் அவிழ்த்து, தோள் பட்டையைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். விழுந்தால் பையை ஒரே உதறலில் கழற்ற முடிய வேண்டும். பட்டை பூட்டியிருந்தால் பை மிதந்து மேலே வந்து முகத்தை நீருக்குள் அழுத்தும். உள்ளே உள்ள பொருள்களைப் பெரிய குப்பைப் பைக்குள் போட்டு, உள்ளே ஓரளவு காற்று இருக்கும்படி வாயை முறுக்கிக் கட்டினால் பை நனையாது. கழற்றிய பை மிதக்கவும் செய்யும், பிடித்துக்கொள்ள உதவும். வெளியே கயிறு, பாத்திரம், விரிப்பு என்று எதையும் தொங்கவிடாதீர்கள். போன், தீப்பெட்டி, தலைவிளக்கு இவை மூன்றும் தனி உறையில் இருக்கட்டும்.

தனியாகக் கடக்கும்போது

தோள் உயரத்துக்கு ஒரு தடி வேண்டும். 1.5 மீட்டருக்குக் குறையாமல், உங்கள் எடையைச் சாய்த்தாலும் ஒடியாததாக இருக்கட்டும். கொம்பு உளுத்ததா என்று முதலில் கரையில் ஊன்றிச் சோதித்துப் பாருங்கள். மடக்கும் மலையேற்றக் கோல் இருந்தால் பூட்டை இறுக்கிக்கொள்ளுங்கள், மணிக்கட்டு வாரைக் கையில் மாட்டாதீர்கள்.

தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். தடியை உங்களுக்கு முன்னே, அதாவது மேல்நீரில், ஊன்றி அதன்மேல் சாயுங்கள். இரண்டு காலும் தடியும் சேர்ந்து முக்காலி. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள்: தடி, ஒரு கால், அடுத்த கால். நண்டு போலப் பக்கவாட்டில் போக வேண்டும். காலைக் குறுக்கே போடாதீர்கள், பாதத்தைத் தூக்காமல் தரையோடு இழுத்து வையுங்கள். பாறையின் மேல் வைப்பதைவிட, பாறைகளுக்கு நடுவே உள்ள மணலிலும் கூழாங்கல்லிலும் வைப்பது நல்லது. ஆனால் இடுக்கில் பாதத்தைத் திணிக்கக் கூடாது. நேர்க்கோடாகப் போகாமல் நீர் போகும் பக்கமாகச் சற்றுச் சரிந்தே போனால் வேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

பார்வையைக் காலடியில் ஓடும் நீரில் வைத்தால் தலை சுற்றும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு பாறையையோ எதிர்க்கரையையோ பாருங்கள். நடுவில் ஆழம் நினைத்ததைவிட அதிகமாக இருந்தால் உடம்பைத் திருப்பாமல், வந்த மாதிரியே பக்கவாட்டில் பின்வாங்குங்கள். திரும்பும் அந்த அரை நொடிதான் விழும் நேரம்.

பாறைக்குப் பாறை தாவுவது வேண்டாம். காய்ந்து வெளுத்த பாறை பிடிக்கும். கறுப்பாகவோ பச்சையாகவோ படலம் படிந்தது சோப்பு மாதிரி வழுக்கும். விழுந்த மரத்தின்மேல் போக வேண்டியிருந்தால் நிற்காமல் குதிரை ஏறியது போல் உட்கார்ந்து நகருங்கள்.

கூட்டமாகக் கடக்கும்போது

மூன்று முதல் ஐந்து பேர் சேர்ந்தால் தனியாளைவிட வலிமையாக நிற்கலாம். நம் ஊரில் செய்யும் தவறு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஆற்றுக்குக் குறுக்கே மனிதச் சங்கிலி போடுவது. அப்படி நின்றால் ஒவ்வொருவர் மேலும் தனித்தனியாக நீர் மோதும். ஒருவர் சரிந்தால் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவார்.

சரியான முறையில் வரிசை நீரோட்டத்துக்கு இணையாக இருக்கும். பலசாலி மேல்நீர்ப் பக்க முனையில் நின்று நீரைப் பிளப்பார். அவர் மறைவில் மற்றவர்களுக்கு வேகம் குறையும். எடை குறைந்தவர்களும் பயப்படுகிறவர்களும் நடுவில். கீழ்முனையில் இன்னொரு பலசாலி. எல்லோரும் எதிர்க்கரையைப் பார்த்துத் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் முதுகுக்கும் பைக்கும் நடுவே கையை நுழைத்து, அவருடைய பையின் கீழ்ப்பட்டையையோ இடுப்புத் துணியையோ இறுகப் பற்றுங்கள். கை கோப்பது போதாது, ஈரத்தில் நழுவும். ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே சமயத்தில் அடி எடுத்து வைக்க வேண்டும். நடுவில் ஒருவர் தடுமாறினால் மற்றவர்கள் நின்று, அவர் ஊன்றும்வரை தாங்கிவிட்டுப் பிறகு நகருங்கள். முதலில் கரையில் ஒரு முறை ஒத்திகை பாருங்கள்.

குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடக்காதீர்கள். எடை மேலே போனால் சாய்வது எளிது. குழந்தை நடக்க முடியாத நீர் என்றால் அந்தக் குடும்பம் அன்றைக்குக் கடக்கக் கூடாது.

கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளின் இடுப்பில் கயிறு கட்டி ஆற்றில் இறக்குவது சினிமாவில் நன்றாக இருக்கும். உண்மையில் அவர் விழுந்ததும் கயிறு விறைத்து, ஓடும் நீர் அவரைக் கீழே அமுக்கிவிடும். இழுத்தால் இன்னும் அமுங்குவார். கயிற்றை யார் உடம்பிலும் கட்டாதீர்கள். தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மக்களைக் கடத்துவது பயிற்சியும் கருவியும் உள்ளவர்கள் செய்யும் வேலை. அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள், வேடிக்கை பார்த்ததை வைத்து நீங்களாகச் செய்யாதீர்கள். உங்களிடம் 20 மீட்டர் மிதக்கும் கயிறு இருந்தால் அதன் இடம் கீழ்க்கரை. ஒருவர் கடக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நின்று, விழுந்தவருக்கு வீசத் தயாராக இருக்கட்டும்.

விழுந்துவிட்டால்

பையின் ஒரு தோளைக் கழற்றுங்கள். மல்லாந்து படுத்து, கால்களைத் தண்ணீர் போகும் திசையில் நீட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, பாதங்களை மேற்பரப்பில் வையுங்கள். பாறை வந்தால் பாதத்தால் உதைத்து விலகலாம். தலை ஆற்றின் மேல்பக்கம் இருக்க, கைகளால் துழாவிக் கரைப்பக்கம் சாய்வாகப் போங்கள்.

எழுந்து நிற்கத்தான் மனம் துடிக்கும். முழங்காலுக்குக் கீழே நீர் வரும்வரை நிற்காதீர்கள். ஓடும் நீரில் காலை ஊன்றினால் பாறை இடுக்கில் பாதம் சிக்கும், உடல் முன்னே மடங்கும், பின்னாலிருந்து வரும் நீர் எழ விடாது. இடுப்பளவு ஆழத்திலேயே மூழ்கிச் சாவது இப்படித்தான்.

சாய்ந்த மரம் எதிரே வந்து, தவிர்க்கவே முடியாது என்றால் மட்டும் முறையை மாற்றுங்கள். குப்புறத் திரும்பி, தலை முன்னால் இருக்க, அதை நோக்கி வேகமாக நீந்தி, கைகளால் பிடித்து மேலே தாவி ஏறுங்கள். காலை முன்னே விட்டால் கிளைக்கு அடியில் போய்விடுவீர்கள்.

கரையில் இருப்பவர்கள் தடியை நீட்டுங்கள், கயிறோ துண்டோ வேட்டியோ வீசுங்கள். பின்னாலேயே குதிப்பது ஒரு உயிரிழப்பை இரண்டாக்கும்.

காத்திருப்பதும் ஒரு முறைதான்

சிறிய மலை ஓடை எவ்வளவு விரைவாக ஏறுகிறதோ, மழை நின்றால் ஏறக்குறைய அதே விரைவில் இறங்கும். சில மணி நேரம், மிஞ்சினால் ஓர் இரவு. அதற்கான சாமான் பையில் இருந்தால் கடக்க வேண்டிய அவசரமே வராது. ஒரு வேளைக்கு மேலான அவல், பொரிகடலை, வெல்லம், ஒரு தார்ப்பாய், தலைவிளக்கு, ஊதல், ஒரு காய்ந்த மேலாடை. எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ வராது. ஓடையிலிருந்து விலகி, பழைய வெள்ளம் விட்டுப்போன சருகுக் கோட்டைவிட உயரமான மேட்டில் தங்குங்கள். இருட்டில் எந்த ஓடையையும் கடக்காதீர்கள். சிக்னல் கிடைத்தால் 112-ஐ அழைத்து எந்த இரண்டு ஓடைகளுக்கு நடுவே, எத்தனை பேர் என்பதை முதலில் சொல்லுங்கள். வனத்துறை அனுமதியோடு, அவர்கள் வழிகாட்டியோடு போயிருந்தால் நீங்கள் திரும்பாததைக் கவனிக்கக் கீழே ஆள் இருப்பார்.

இமயமலைக்குப் போகிற நம்மவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே பனி உருகி வரும் ஓடைகள் மழையில்லாத நாளிலும் மாலையில் பெருகி, விடியற்காலையில் மிகக் குறைவாக இருக்கும். இமாச்சலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாயைத் தாண்டி சியா கோரு முகாமில் தங்குகிறவர்கள் ஆற்றைக் காலையில் கடப்பது அதனால்தான். நீர் பனிக்குளிராக இருப்பதால் சில நிமிடங்களில் பாதம் மரத்துவிடும், தரை தெரியாது. அங்கே கடந்த உடனே காலைத் துடைத்து, காய்ந்த காலுறை போட்டு, பத்து நிமிடமாவது நடந்த பிறகுதான் உட்கார வேண்டும். நம் மலைகளில் கடந்த உடனே செய்ய வேண்டியவை வேறு: முதலில் ஆட்களை எண்ணுங்கள், பிறகு பட்டைகளைப் பூட்டுங்கள், கால்விரல் இடுக்குகளில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.